காலரில் மாட்டிய சிவப்புக் கிளிப்

பல் பிடுங்குவதற்கு முன்னால் மார்பில் ஒரு நீலத் தாளை விரித்துக் கழுத்தோடு சேர்த்து மாட்டுவார்கள். அதை மாட்ட வந்த நர்ஸ்தான் முதலில் பார்த்தாள்.

“என்ன மேடம், கிளிப்பை வீட்லேர்ந்தே கொண்டு வந்துட்டீங்களா?” என்று சிரித்தாள்.

மரத்துப்போக ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. இடது கன்னம் அதற்குள் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிட்டது. கையை உயர்த்திக் காலரைத் தொட்டுப் பார்த்தேன். துணி காயப்போடுகிற கிளிப். அதுவும் சிவப்பு.

சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் கடையில் அந்தச் சிவப்புக் கிளிப்பைப் போலப் பயப்பட வேண்டிய பொருள் வேறு கிடையாது.

நாங்கள் மின்சாரச் சக்கர நாற்காலிகளைப் பழுது பார்க்கிறவர்கள். டயர், பேட்டரி, மோட்டார் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வியாதிகள். கண்ணுக்குத் தெரியாத சமாசாரம் ஃபர்ம்வேர். நாற்காலியின் சர்க்யூட் போர்டுக்குள் உட்கார்ந்துகொண்டு மோட்டாரை ஓடு, நில் என்று அதட்டுகிற நிரல் அது. கம்பெனி புதிதாக ஒன்று அனுப்பினால், லேப்டாப்பிலிருந்து கேபிள் போட்டுப் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். எழுதுகிற சாஃப்ட்வேருக்குச் சந்தேக புத்தி. மாடல் சரியா, பேட்டரி போதுமா, எழுதியது ஒழுங்காகப் பதிந்ததா, பிரேக் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றாலும் மேலே நகராது.

ஆனால் அதே சாஃப்ட்வேரில் ‘பாதுகாப்பைத் தவிர்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. திறந்தால் சிவப்பு எழுத்தில் வரிசையாகக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் டிக் போட்டால் அந்த ஒரு கேள்வியை அது கேட்காது. வேண்டாத இடம் என்று சொல்லிவிடவும் முடியாது. மேஜைமேல் கழற்றிப் போட்ட போர்டுக்குப் பிரேக் ஏது? ‘பிரேக் சோதனை வேண்டாம்’ என்று டிக் போட்டால்தான் அதில் எதையாவது எழுத முடியும். தொல்லை என்னவென்றால், போட்ட டிக் போட்டபடியே இருக்கும். சாஃப்ட்வேரை மூடித் திறந்தால்தான் போகும். எங்கள் கடையில் யார் மூடுகிறார்கள்? லேப்டாப்பைப் படக்கென்று மடக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

ஒருமுறை அப்படி மறந்துபோன டிக்கால் ஒரு நாற்காலி கடையின் கண்ணாடிக் கதவைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. நல்லவேளை, அதில் ஆள் இல்லை. அன்றைக்குத்தான் முதலாளியம்மா இந்தக் கிளிப்பைக் கொண்டுவந்தார். லேப்டாப் மேஜைக்கு மேலே ஒரு ஆணி. ஆணியில் கிளிப். டிக் போடுகிறவர் கிளிப்பை எடுத்துக் காலரில் மாட்டிக்கொள்ள வேண்டும். டிக்கை எடுத்த பிறகுதான் கிளிப் ஆணிக்குத் திரும்பும். ஆணி காலியாக இருந்தால் யாரும் லேப்டாப்பைத் தொடக் கூடாது. கக்கூஸ் போனாலும் கிளிப்போடுதான். முதலாளியம்மாவே ஒரு தடவை அதை மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறார்.

அன்று மத்தியானம் மேஜைமேல் கிடந்த ஒரு போர்டுக்காக நான் டிக் போட்டேன். கிளிப்பை மாட்டினேன். அதற்குள் பல்வலி மண்டைவரை ஏறிவிட்டது. வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள்தான்.

முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆணி காலியாக இருக்கிறது, யாரும் தொட மாட்டார்கள். எதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவைப்போம் என்று கடைக்குப் போன் போட்டேன்.

“அக்கா, லேப்டாப்பை யாரும் தொட வேணாம். கிளிப் எங்கிட்ட இருக்கு.”

“என்னடி கொழகொழன்னு பேசறே? புடுங்கியாச்சா?” என்றார் முதலாளியம்மா.

“இன்னும் இல்லக்கா. லேப்டாப்புல பிரேக் டிக் போட்டது அப்படியே இருக்கு.”

“லேப்டாப் இங்க எங்க இருக்கு? அவசரம் எடுத்துட்டுப் போயிட்டானே. நாளைக்குப் போறதை இன்னிக்கே முடிச்சுட்டு வந்துடறேன்னு உங்க அண்ணன் வீட்டுக்கு, அவர் நாற்காலிக்குப் புது ஃபர்ம்வேர் எழுதப் போயிருக்கான்.”

அவசரம் என்பது எங்கள் கடை மெக்கானிக். அம்மா அப்பா வைத்த பேர் வேறு. அதைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள அவன் எவருக்கும் நேரம் கொடுத்ததில்லை. கெட்டிக்காரன், கை சுத்தம், ஆனால் நாளைக்குச் செய்ய வேண்டியதை நேற்றே செய்திருக்கலாமே என்று வருத்தப்படுகிற ஜென்மம். ஆணியைப் பார்த்திருப்பானா? பார்க்க என்ன அவசியம்? அவன் கடையில் எழுதவில்லையே. லேப்டாப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஆணி மட்டும் கடைச் சுவரில் இருந்தது. இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றியதில்லை.

“அக்கா, அவனுக்குப் போன் போடுங்க. எழுத வேணாம்னு சொல்லுங்க.”

“அவன் போனைத்தான் அணைச்சு வெச்சிருப்பானே.”

அதுவும் எங்கள் கடைச் சட்டம்தான். எழுதும்போது போன் அடித்து, கை பட்டுக் கேபிள் பிடுங்கிக்கொண்டால் போர்டு செத்துவிடும் என்பதால் போனை அணைத்துவிட்டுத்தான் உட்காருவோம். அவசரம் அணைப்பதை மறக்க மாட்டான். திரும்பப் போட மறந்துவிடுவான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு போன் என்று எனக்குக் கணக்கு வைத்திருந்தான். “காலையில சாப்டியான்னு ஒரு தடவை கேளு, பதில் சொல்றேன். மத்ததெல்லாம் அடிச்சா அடிக்கட்டும்” என்று கறாராகச் சொல்லிவிட்டான். அன்றைய ஒன்றை நான் காலையிலேயே செலவழித்திருந்தேன். அதுவும் என் பல்வலியைப் பற்றிப் புலம்பியே தீர்த்திருந்தேன்.

அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. ஒரு விபத்து. அதன்பிறகு கொஞ்ச காலம் என்னோடு இருந்தான். நான் பார்த்துக்கொண்ட பார்வை தாங்காமல் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போனான். போனதுதான் போனான், சமதளத்தில் ஒரு வீடு கிடைக்கவில்லையா? ஒரு சரிவுத் தெருவின் உச்சியில் போய் உட்கார்ந்தான். தெரு வழுக்கிக்கொண்டு நேராக இறங்கி மெயின் ரோட்டில் முடியும். ரோட்டில் லாரியும் பஸ்ஸும் மூச்சுவிடாமல் ஓடும். தினமும் ஐந்து மணிக்கு அண்ணன் அந்தச் சரிவில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிரே பூங்காவில் ரிட்டையர்டு தபால்காரர் ஒருவரோடு சதுரங்கம் ஆடப் போவான். அதற்காகவே அவன் நாற்காலியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவான்.

இப்போது என் தலைக்குள் ஓடியதைச் சொல்கிறேன். புதிய ஃபர்ம்வேர் எழுதினால் நான் வைத்த பாதி வேகம் அழிந்துபோகும். நாற்காலி முழு வேகத்தில் ஓடும். எழுதி முடித்ததும் சாஃப்ட்வேர் பிரேக்கை ஒருமுறை பூட்டித் திறந்து பார்க்கும். எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதைப் போர்டு அந்தச் சோதனையில்தான் தெரிந்துகொள்கிறது. சோதனை நடக்காவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. சமதளத்தில் வித்தியாசமே இருக்காது. அவசரம் வீட்டுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பான், கூடத்தில் ஜம்மென்று நின்றிருக்கும், கைகுலுக்கிவிட்டுக் கிளம்பியிருப்பான். சரிவில்தான் அது பிடிக்காது.

சுவரில் மணி நாலரையைத் தாண்டியிருந்தது. டாக்டர் குறடோடு வந்தார்.

“வாயைத் திறங்க.”

“அண்ணன்” என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. எழுந்து ஓடினேன்.

டாக்ஸியில் உட்கார்ந்த பிறகுதான், டிரைவர் கண்ணாடியில் என்னைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கவனித்தேன். நீலத் தாள் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி அண்ணனுக்குப் போன் போட்டேன். பிறகு அவசரத்துக்கு. பிறகு அண்ணனுக்கு. பக்கத்து வீட்டு நம்பராவது இருந்தால் கூப்பிட்டிருக்கலாம். ‘என்னை உளவு பார்க்க ஆள் சேர்க்கிறியா?’ என்று அண்ணன் அதையும் தரவில்லை. சிக்னலில் வண்டி நின்றது. நின்ற வண்டி நகரவே இல்லை.

“கொஞ்சம் சீக்கிரம் போங்களேன்” என்றேன்.

“பறக்கவா முடியும்? முன்னாடி பாருங்கம்மா” என்றார் டிரைவர். அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த மனிதர் பாவம், சொன்னதில் தப்பே கிடையாது.

கடைக்கு மறுபடி போன் போட்டேன். “அவன் கிடைச்சானா?”

“இல்லடி. நீ பத்து தடவை அடிச்சா எனக்கு எப்படி மத்த போன் வரும்? வை மொதல்ல” என்றார் முதலாளியம்மா.

பாதியில் இறங்கி ஓடினேன். மெயின் ரோட்டை எட்டும்போது ஐந்து அடித்திருந்தது. பூங்கா வாசலில், பலகையில் காய்களை அடுக்கிவைத்துக்கொண்டு தபால்காரர் ஒற்றையாக உட்கார்ந்திருந்தார்.

“அண்ணன் வந்தானா?”

“இன்னும் வரலியேம்மா. லேட்டா வர்ற ஆள் இல்லையே அவர்” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், சரிவு வந்து முடிகிற இடத்தில், ஒரு சின்னக் கூட்டம். ஆட்கள் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்களுக்கு நடுவே ஒரு சக்கரம் தெரிந்தது. படுத்துக் கிடந்த சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ரோட்டை எப்படித் தாண்டினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. ஒரு பஸ் என்னைத் திட்டியபடி பிரேக் போட்டது மட்டும் காதில் விழுந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனேன். பார்சல் கொண்டுவருகிற ஆளின் சைக்கிள். பெட்டி உடைந்து சாமான்கள் சிதறியிருந்தன. அந்த ஆள் முழங்கையை ஊதிக்கொண்டு நின்றான். அடுத்தவனுக்கு அடிபட்டதைப் பார்த்து அப்படியொரு நிம்மதி எனக்கு வந்திருக்கக் கூடாது. வந்தது. இரண்டு மூச்சுக்குள் போயும்விட்டது. அண்ணன் இங்கே இல்லை. ஐந்து மணிக்கு வீட்டிலும் இருக்க மாட்டான். அப்படியானால் எங்கே?

சரிவில் ஏறினேன். இரண்டு பக்கமும் வாசல்கள், நிறுத்தியிருந்த கார்கள், குப்பைத் தொட்டிகள். ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தபடி ஏறினேன். மூச்சு இரைத்தது. ‘கடவுளே, அவன் என்ன சொன்னாலும் இனிமேல் குறுக்கே பேச மாட்டேன்’ என்று வேண்டிக்கொண்டேன். வேண்டும்போதே அது பொய் என்று கடவுளுக்கும் தெரிந்திருக்கும்.

அண்ணன் வீட்டு கேட் சாத்தியிருந்தது. எப்போது போனாலும் சாத்தித்தான் இருக்கும். ஒரு ஆபத்து என்றால் எப்படி உள்ளே வருவது என்று நான் சண்டை போடாத நாள் இல்லை. கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

வாசலிலிருந்து கேட்டுக்கு இறங்குகிற சின்னச் சாய்தளத்தின் அடியில், கேட்டில் மூக்கை முட்டிக்கொண்டு நாற்காலி நின்றது. கால் வைக்கிற தட்டு வளைந்திருந்தது. ஒரு பூந்தொட்டி உடைந்து மண் கொட்டியிருந்தது. நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். ஒரு கை பக்கத்துக் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. மறுகை போனைக் காதில் வைத்திருந்தது.

“பத்து நிமிஷமா உங்க கடைக்கு அடிக்கிறேன், எங்கேஜ்டாவே இருக்கு” என்றான் என்னைப் பார்த்ததும். “யாருகிட்டத்தான் பேசிட்டே இருக்கீங்க எல்லாரும்? ஆமா, அது என்ன கழுத்துல? யார் வீட்டு விருந்து?”

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உயிர் போய் உயிர் வந்தது. அழுதேன். பாதி முகத்தால்தான் அழ முடிந்தது, மறுபாதி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

“அடிபட்டுச்சா?”

“தட்டுக்குத்தான் அடி. எனக்கில்ல. கேட்டைத் தள்ளு, நாற்காலியைப் பின்னாடி இழு.”

அதைச் செய்து, சக்கரத்துக்கு அடியில் செங்கல் வைத்த பிறகு, டிக்கையும் கிளிப்பையும் ஆணியையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

“நீ எப்படித் தப்பிச்சே?” என்றேன்.

“தப்பிக்கறதெல்லாம் ஒண்ணுமில்ல. தினமும் பண்றதைத்தான் பண்ணேன். கேட்டைச் சாத்திட்டு இந்தச் சாய்வுல நடுவுல நிறுத்துவேன். கம்பியில ஒரு கை இருக்கும். ஜாய்ஸ்டிக்கை விட்டுட்டு இருபது எண்ணுவேன். நகரலைன்னா கேட்டைத் திறப்பேன். இன்னிக்கு ஏழுலயே கிளம்பிடுச்சு. கம்பியைப் பிடிச்சதால மெதுவா வந்து முட்டுச்சு.”

“தினமுமா?”

“நீ எப்பவோ ஒரு தடவை செக் பண்ணிட்டுப் போயிடறே. இதுல உட்கார்றது நான்தானே.”

கேட் சாத்தியிருப்பதற்காக நான் போட்ட சண்டைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஒரு நாளாவது ‘எதுக்குச் சாத்தறே’ என்று கேட்டிருக்கிறேனா? திற என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவசரம். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை, லேப்டாப் பையைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். எதற்கோ போனைப் போட்டிருக்கிறான், முதலாளியம்மா அவனைப் பிடித்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். செங்கல்லையும், வளைந்த தட்டையும், என் காலரில் இருந்த கிளிப்பையும் வரிசையாகப் பார்த்தான். அவன் நின்று நிதானமாக ஒன்றைப் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

“ஆணியைப் பாத்தேன் மேடம்” என்றான் மெல்லிய குரலில். “காலியாத்தான் இருந்துச்சு. இது வெளி வேலைதானேன்னு எடுத்துட்டு வந்துட்டேன்.”

திட்ட வேண்டும் என்று வழி முழுக்கச் சேர்த்து வைத்திருந்தேன். மத்தியானம் டிக்கை எடுக்காமல் எழுந்து போனவள் நான். யாரைத் திட்டுவது?

சாஃப்ட்வேரை மூடித் திறந்தேன். சிவப்புக் கட்டங்கள் எல்லாம் காலி. நான் பார்த்தேன், அவசரத்தைப் பார்க்கச் சொன்னேன், அண்ணனையும் பார்க்கச் சொன்னேன். மூன்று பேரும் போனை அணைத்தோம். மறுபடி எழுதினேன். கடைசியில் நாற்காலியின் அடியிலிருந்து டக் என்று ஒரு சத்தம், பிரேக் பூட்டிக்கொண்டது. இன்னொரு டக், திறந்தது. திரையில் பச்சை வரி வந்தது. கிளிப்பைக் கழற்றி, ஆணியில் மாட்டச் சொல்லி அவசரத்தின் கையில் கொடுத்தேன்.

அடுத்த கேள்வி திரையில் வந்தது. ‘வேகம்: முழு அளவு. மாற்ற வேண்டுமா?’

என் விரல் அப்படியே நின்றது. திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“பாதின்னு போடு” என்றான் அண்ணன்.

“என்ன பாதி?”

“நீ எப்பவும் போடற பாதி. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? தடி ஊனி நடக்கறவர் அந்தத் தபால்காரர், அவரே என்னை முந்திட்டுப் போய்ப் பூங்கா கேட்ல நின்னு வா வான்னு கூப்பிடறார். மானம் போகுது.”

அவசரம் ஹெல்மெட்டுக்குள் சிரிப்பை அடக்கினான்.

“தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?”

“இவன்கிட்ட சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல மாத்திக் கொடுத்திருப்பான். ஆனா நீ தூங்கணுமே. அதான் விட்டுட்டேன்.”

இவ்வளவு நாளும் நான்தான் அவனுக்குக் காவல் என்று நினைத்திருந்தேன். என் நிம்மதிக்காக அவன் தினமும் அந்தத் தெருவில் பாதி வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவன்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது.

‘வேண்டாம்’ என்று அழுத்தினேன். கேபிளைப் பிடுங்கினேன். பிறகு அவசரத்தின் கையிலிருந்து கிளிப்பைத் திரும்ப வாங்கி என் காலரில் மாட்டிக்கொண்டேன்.

“டிக் எல்லாம் எடுத்தாச்சே மேடம், கிளிப் எதுக்கு?” என்றான் அவசரம்.

“இன்னொரு பாதுகாப்பைத் தூக்கியிருக்கேன்ல” என்றேன்.

அண்ணன் கேட்டைச் சாத்தினான். சாய்தளத்தின் நடுவில் நிறுத்தி, கம்பியைப் பிடித்தபடி ஜாய்ஸ்டிக்கை விட்டான். சத்தமாக எண்ணினான். ஏழைத் தாண்டும்போது என் நகம் உள்ளங்கையில் பதிந்தது. இருபது வந்தது. நாற்காலி அசையவில்லை. வளைந்த தட்டோடேயே கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

சரிவில் அவன் இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு வேகத்தில் அவனை நான் பார்த்ததில்லை. சட்டை பின்னால் உப்பிக்கொண்டு பறந்தது. கன்னத்தில் மரப்பு விட்டு வலி திரும்ப ஆரம்பித்திருந்தது, அதையும் மறந்து கிளிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரோட்டோரம் நாற்காலி நின்றது. நகராமல் நின்றது. என் போன் அணைத்தே இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போட்டேன். போட்ட உடனே அடித்தது.

“இறங்கிட்டேன்” என்றான் அண்ணன். அவனாக எனக்குப் போன் போட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. “கிளிப்பைக் கழட்டிட்டுப் போய்ப் பல்லைப் புடுங்கிக்கோ.”

கீழே, லாரிகளுக்கு இந்தப் பக்கம், அவன் திரும்பி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியட்டும் என்று கையை நன்றாக உயர்த்திக் கிளிப்பைக் கழற்றினேன்.